பைக்குக்கு முன்னாடி ரைடிங் கியர்: ஒரகடம் சம்பளத்துக்கு ஒரு கணக்கு

சேனலுக்கு வர்ற கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மாசாமாசம் தவறாம வருது. "சார், டேக் ஹோம் 28,000. ஒரகடத்துல வேலை. கையில ஒரு லட்சம் இருக்கு. ரோட்டுக்கும் ஆஃப்ரோடுக்கும் சேர்த்து ஒரு பைக் எடுக்கணும். ஹிமாலயன் 450 எடுக்கலாமா?"

இந்த ஆசை எங்கிருந்து வருதுன்னு எனக்கு நல்லாவே புரியுது. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துல 2013ல இருந்து வண்டி தயாரிக்குது. பக்கத்துலயே வல்லம் வடகால்ல 2017ல இன்னொரு ஆலை. யமஹா ஆலையும் அங்கேதான் இருக்கு. புது வண்டிகளை அடுக்கின லாரிகளைத் தினமும் பார்த்துக்கிட்டே ஷிஃப்ட்டுக்குப் போறவங்க நீங்க. அதுல ஒண்ணு நம்ம வீட்டு வாசல்ல நிக்கணும்னு தோணாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

அதனால "பைக் வாங்காதீங்க, எஸ்ஐபி போடுங்க"ன்னு இன்னைக்கு நான் சொல்லப் போறதில்லை. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. பட்ஜெட் பேப்பர்ல முதல் வரி ரைடிங் கியரா இருக்கணும். ஹெல்மெட், ஜாக்கெட், க்ளவுஸ், நீ கார்டு, பூட்ஸ் எல்லாத்துக்கும் பணத்தை முதல்ல ஒதுக்குங்க. மிச்சத்துல என்ன வண்டி வருதோ, அதுதான் உங்க வண்டி. பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா பண்றாங்க. கடன் எல்லையைத் தொடுற அளவுக்கு வண்டி எடுத்துட்டு, ஷோரூம்ல இலவசமா கிடைச்ச ஹெல்மெட்டோட கிளம்பிடறாங்க.

350 சிசி கோடு

2025 செப்டம்பர் 22ல இருந்து பைக் ஜிஎஸ்டி மாறியிருக்கு. 350 சிசி வரைக்கும் 18 சதவீதம். அதைத் தாண்டினா 40 சதவீதம். முன்னாடி இது 28 சதவீதமும், 350க்கு மேல செஸ் சேர்த்து 31 சதவீதமுமா இருந்துச்சு. அப்போ இடைவெளி 3 சதவீதப் புள்ளிதான். இப்போ 22.

எக்ஸ்-ஷோரூம் 3,00,000 ரூபாய்க்கு ஒரு 450 சிசி வண்டின்னு வச்சுக்குவோம். இதுல வண்டியோட அடிப்படை விலை 2,14,286. மிச்சம் 85,714 ஜிஎஸ்டி. இதே அடிப்படை விலைக்கு 18 சதவீதம்னா வரி 38,571தான். வித்தியாசம் 47,143 ரூபாய். ஒரு முழு செட் ரைடிங் கியர் வாங்கி, மிச்சத்துல ஒரு வருஷ சர்வீஸும் பார்த்துடலாம். அந்தக் காசு வண்டியில ஒரு போல்ட்டாகூட வரல. வரியாப் போயிடுச்சு.

இதோட முடியல. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல விலையுள்ள டூ வீலருக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். ஜிஎஸ்டி சேர்ந்த விலை மேலதான் இந்த 12 சதவீதமும் ஏறுது. வரிக்கு மேல வரி. அடுத்தது இன்சூரன்ஸ். புது பைக்குக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். 2022 ஜூன்ல அறிவிச்ச கட்டணப்படி 150 முதல் 350 சிசி வரைக்கும் 7,365 ரூபாய். 350க்கு மேல 15,117. ரெண்டுக்கும் ஜிஎஸ்டி தனி.

சுருக்கமா, 350 சிசிங்கற கோட்டைத் தாண்டின உடனே மூணு இடத்துல உங்க பர்ஸ் திறக்குது.

ரெண்டு பிளான், ஒரே சம்பளம்

மேல சொன்ன கேள்விக்கே போடுவோம். டேக் ஹோம் 28,000. கையில 1,00,000.

பிளான் 1: எக்ஸ்-ஷோரூம் 3,00,000. வாழ்நாள் வரி 36,000, தேர்டு பார்ட்டி ஜிஎஸ்டியோட சுமார் 17,800, ஓன் டேமேஜ், பதிவு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 3.6 லட்சம்னு வச்சுக்குவோம். ஒரு லட்சமும் முன்பணமாப் போயிடும். லோன் 2.6 லட்சம். 11 சதவீதம் குறையும் நிலுவை வட்டி, 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 8,510. சம்பளத்துல 30 சதவீதம். வட்டி மட்டும் 46,000க்கு மேல. ரைடிங் கியருக்கு மிச்சம் பூஜ்யம்.

பிளான் 2: முதல்ல 35,000 ரைடிங் கியருக்கு. மிச்சம் 65,000 முன்பணம். வண்டி 350 சிசிக்குள்ள, எக்ஸ்-ஷோரூம் 1,75,000. ஆன்ரோடு சுமார் 2.1 லட்சம். லோன் 1.45 லட்சம். அதே வட்டி, அதே 36 மாசம். இஎம்ஐ சுமார் 4,750. வட்டி 26,000க்குள்ள.

மாசத்துக்கு 3,760 ரூபாய் வித்தியாசம். 36 மாசத்துல 1.35 லட்சம். ஒருத்தர் உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாதுகாப்போட போறார். இன்னொருத்தர் பெரிய வண்டியில டி-ஷர்ட்டோட போறார்.

உண்மையைச் சொல்லணும்னா பிளான் 2கூட எனக்கு முழு திருப்தி இல்லை. பைக் இஎம்ஐ டேக் ஹோம்ல 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கறது என் கணக்கு. 28,000க்கு அது 4,200. இன்னும் மூணு, நாலு மாசம் பொறுத்து 17,000 கூடுதலா முன்பணம் போட்டா இஎம்ஐ 4,200க்குள்ள வந்துடும். மழைக்காலம் முடிஞ்சு எடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?

இங்க ஒரு எச்சரிக்கை. ஷோரூம்ல "9 பர்சன்ட்தான் சார்"னு சொன்னா, ஃப்ளாட்டா, குறையும் நிலுவையான்னு கேளுங்க. 36 மாசத்துக்கு 9 சதவீதம் ஃப்ளாட்னா உண்மையான வட்டி 16 சதவீதத்துக்கு மேல. மேல நான் போட்ட 11 சதவீதத்தை விட அது ரொம்ப அதிகம்.

உங்க வேலை எத்தனை மாசம்? லோன் எத்தனை மாசம்?

நம்ம பெல்ட்டுல வேலை செய்யறவங்க எல்லாரும் நிரந்தர ஊழியர் இல்லை. டிரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட், ஒரு வருஷ ஒப்பந்தம்னு பல வகை. ஒப்பந்தம் 11 மாசம், இஎம்ஐ 36 மாசம்னா 25 மாச இஎம்ஐ வராத சம்பளத்தை நம்பி நிக்குது.

நிரந்தர வேலையா இருந்தாலும் சரித்திரத்தை மறக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ல உற்பத்தியை நிறுத்துச்சு. மறைமலை நகர் ஃபோர்டு 2022ல நிறுத்துச்சு. ரெண்டுமே ஒரு காலத்துல "இங்க வேலை கிடைச்சா லைஃப் செட்டில்"னு ஊரே பேசின இடங்கள். பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. லோன் காலம் உங்க கையில இருக்கற ஒப்பந்தத்தைத் தாண்டினா, தாண்டற மாசங்களுக்கான இஎம்ஐயை ஃபிக்ஸட் டெபாசிட்ல வச்சுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க. அந்த அளவு பணம் இல்லைன்னா இப்போதைக்கு அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

விழுந்தா யார் சம்பளம் தருவாங்க?

ரைடிங் கியரை நான் ஃபேஷன் செலவா எழுதறதில்லை. வருமானத்தைக் காப்பாத்தற செலவா எழுதறேன். ஏன்னு பாருங்க.

மாச ஊதியம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்கு இஎஸ்ஐ இருக்கு. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கற விபத்தை வேலையோட சம்பந்தப்பட்டதா இஎஸ்ஐ சட்டம் ஏத்துக்குது. அது நிரூபணமானா தற்காலிக ஊனப் பலனா ஊதியத்துல 90 சதவீதம் வரும். ஆனா ஞாயித்துக்கிழமை ஜவ்வாது மலையில விழுந்தா அது இந்தக் கணக்குல வராது. சாதாரண நோய்ப் பலன்தான். 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும், போதுமான நாள் பங்களிப்பு கட்டியிருந்தா மட்டும்.

21,000 தாண்டிட்டா இதுவும் இல்லை. கம்பெனி லீவு எத்தனை நாள், குரூப் பாலிசி என்ன சொல்லுதுங்கறதுதான்.

"பைக் இன்சூரன்ஸ்ல 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் இருக்கே சார்?" இருக்கு. அது உயிரிழப்புக்கும், கை, கால், கண் இழப்பு மாதிரி நிரந்தர ஊனத்துக்கும். கணுக்கால் எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் வீட்ல படுத்திருந்தா அதுல ஒரு ரூபாய் வராது. தமிழ்நாடு அரசோட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சையைப் பார்த்துக்கும். அருமையான திட்டம், உயிரைக் காப்பாத்தும். ஆனா 49வது மணி நேரத்துல இருந்து உங்க வீட்டு வாடகையை அது கட்டாது.

லைன்ல எட்டு மணி நேரம் நின்னு வேலை செய்யறவருக்குக் கணுக்கால்தான் முதலீடு. ஆஃப்ரோடுல மெதுவா விழும்போது அடிக்கடி மாட்டறதும் அதே கணுக்கால், முழங்கால், மணிக்கட்டுதான். 20 கிலோமீட்டர் வேகத்துல மண்ல சறுக்கி, வண்டி கால் மேல சாயும். பெரிய விபத்தே இல்லை. ஆனா ரெண்டு மாசச் சம்பளம் போச்சுன்னா 56,000. இந்தப் பக்கம் பூட்ஸ் விலை 9,000. எது செலவு, எது சேமிப்பு?

இன்னொண்ணு யோசிங்க. கம்பெனிக்குள்ள சேஃப்டி ஷூ இல்லாம ஷாப் ஃப்ளோர்ல ஒரு அடி வைக்க விடமாட்டாங்க. கண்ணாடி, க்ளவுஸ் எல்லாம் கட்டாயம். அங்க நீங்க நடக்கற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். கேட்டைத் தாண்டினதும் செருப்பு மாட்டிக்கிட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டுல 80ல போறோம். ஆபத்து எந்தப் பக்கம் அதிகம்னு சேஃப்டி ஆபீசரைக் கேட்க வேண்டியதில்லை.

35,000ல என்னென்ன வரும்?

ரோட்டுக்கு ஒரு செட், மண்ணுக்கு ஒரு செட்னு ரெண்டு வாங்க நம்மகிட்ட காசு இல்லை. ரெண்டுக்கும் பொருந்தற ஒரே செட்தான் குறி. என் ஒதுக்கீடு இப்படி:

ஹெல்மெட், 7,000. முழு முகமும் மூடறது. ஐஎஸ் 4151 ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லாத ஹெல்மெட்டை விக்கறதே 2021 ஜூன் 1ல இருந்து தடை. கூடவே ஈசிஇ 22.06 சான்றும் இருந்தா நல்லது. நெத்தியில நீட்டிக்கிட்டு இருக்கற பீக் வச்ச ஹெல்மெட் பார்க்க அழகா இருக்கும். ஹைவேயில காத்து அதைப் பிடிச்சு இழுத்து கழுத்து வலிக்கும். கழட்டக்கூடிய பீக்னா வாங்கலாம். டிசைனை விட தலை அளவு முக்கியம். கடையிலேயே 10 நிமிஷம் போட்டுக்கிட்டு நில்லுங்க. நெத்தியில வலி எடுத்தா வேற மாடல் பாருங்க.

பூட்ஸ், 9,000. கணுக்காலுக்கு மேல வரணும், முறுக்கினா வளையக் கூடாது. இஎன் 13634 சான்று இருக்கான்னு பாருங்க. கம்பெனி சேஃப்டி ஷூ செருப்பை விட எவ்வளவோ மேல். ஆனா பல மாடல் கணுக்காலை மூடாது, தடிச்ச முனை கியர் லீவருக்கு அடியில சுலபமா நுழையாது.

ஜாக்கெட், 10,000. நம்ம வெயிலுக்கு மெஷ் ஜாக்கெட். தோள், முழங்கை ஆர்மர் இஎன் 1621 லெவல் 2, துணி இஎன் 17092ல ஏஏ தரம் இருந்தா நிம்மதி. பல ஜாக்கெட்ல முதுகுல வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும். கையை விட்டுப் பார்த்து வாங்குங்க.

க்ளவுஸ் 3,500, நீ கார்டு 4,000. மிச்சம் 1,500 மழை கோட்டுக்கு. ரைனாக்ஸ், வயாட்டெரா, ரைடா மாதிரி இந்திய பிராண்டுகள் வந்த பிறகு இந்த பட்ஜெட்ல தரமா கிடைக்குது. எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்க முடியலைன்னா ஹெல்மெட், பூட்ஸ், க்ளவுஸ், நீ கார்டு, ஜாக்கெட்ங்கற வரிசையில வாங்குங்க. ஆனா முழுசா சேர்ற வரைக்கும் மண் ரோட்டுல இறங்காதீங்க.

"சித்திரை வெயில்ல ஜாக்கெட்டா?" நியாயமான கேள்வி. நின்னா வேகும், ஓடினா காத்து வரும். மெஷ் போட்டும் தாங்கலைன்னா விடிகாலை கிளம்பி 10 மணிக்குள்ள முடிச்சுடுங்க. வெயிலுக்காக நேரத்தை மாத்தலாம், தோலை மாத்த முடியாது.

அப்போ எந்த வண்டி?

உங்க கிலோமீட்டரை எழுதிப் பாருங்க. கம்பெனி பஸ்ல ஷிஃப்ட் போறவரா இருந்தா பைக் வார இறுதிக்கு மட்டும்தான். அப்போ அது 'ஆசை' கணக்கு, 'தேவை' கணக்கு இல்லை. தினமும் பைக்ல போறவரா இருந்தா வாலாஜாபாத் ரோடும் ஹைவேயும்தான் உங்க உலகம். ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் வரைக்கும் போய் வந்தாலே 300 கிலோமீட்டருக்கு மேல. அதுல மண் ரோடு எவ்வளவு இருக்கும்? பத்துல ஒரு பங்கு இருந்தாலே அதிகம். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டியை விடறது வனச் சட்டப்படி குற்றம். அதனால அந்தப் பத்துல ஒரு பங்கையும் கவனமாத்தான் தேர்ந்தெடுக்கணும்.

ஆஃப்ரோடு கத்துக்கறவருக்கு சிசியை விட எடைதான் முக்கியம். ஹிமாலயன் 450, 196 கிலோ, 40 குதிரைத்திறன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 159 கிலோ. சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167 கிலோ. ஆள் இல்லாத மலைப்பாதையில கீழ விழுந்த வண்டியைத் தனியா தூக்கும்போது இந்த 37 கிலோ வித்தியாசம் புரியும்.

மண்ணுலதான் அதிகம்னா எக்ஸ்பல்ஸ். முன்னாடி 21 இன்ச் வீல், 220 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ். ஆனா ஹைவேயில 100ஐப் பிடிச்சு ஓட்டற வண்டி இல்லை. ஸ்போக் வீல், ட்யூப் டயர். செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி பஞ்சர் ஆனா என்ன பண்ணுவோம்னு இப்பவே யோசிச்சு வையுங்க. ரோடு அதிகம், மண் கொஞ்சம்னா 249 சிசி வி-ஸ்ட்ரோம். 334 சிசி யெஸ்டி அட்வென்ச்சரும் கோட்டுக்குள்ளதான் வருது. எதுவா இருந்தாலும் ரெண்டு காலோட முன்பாதமும் தரையில படுதான்னு உட்கார்ந்து பாருங்க.

450யைக் குறை சொல்லல. மாசத்துக்கு ஒரு தடவை 600, 800 கிலோமீட்டர் டூர் போறவருக்கு, 15 சதவீத இஎம்ஐ கணக்குல வர்ற சம்பளம் இருக்கறவருக்கு அது நல்ல வண்டி. 28,000 சம்பளத்துக்கு அது இன்னும் நாலு வருஷம் கழிச்சு வர வேண்டிய வண்டி, அவ்வளவுதான்.

நடுவுல ஒரு வழி, பழைய 411 ஹிமாலயன். 2016ல இருந்து வந்த மாடல். முதல் ஓனர் வரியெல்லாம் கட்டிட்டார். ஆனா ஆர்சி புத்தகத்துல ஹைபோதிகேஷன் நீக்கியிருக்கான்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பேர் மாத்தின 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸையும் உங்க பேருக்கு மாத்துங்க. புதுசோ பழசோ, கிராஷ் கார்டு, பெட்டி எல்லாம் மாட்டினா பாலிசியில எழுதச் சொல்லுங்க. எழுதலைன்னா க்ளெய்ம்ல வராது.

கடைசியா ஒரு வார்த்தை. பைக்குக்கு வரிச்சலுகை கிடைக்குமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. சம்பளக்காரருக்கு பெட்ரோல் பைக் லோன் வட்டியில ஒரு ரூபாய்கூட கழிவு கிடையாது. முழுக்க முழுக்க உங்க கைக்காசு. அதனால இந்த வார லீவு நாள்ல ஷோரூம் பக்கம் போகாதீங்க. ஹெல்மெட் கடைக்குப் போங்க, பூட்ஸ் போட்டுப் பாருங்க, மொத்தம் எவ்வளவு ஆகுதுன்னு எழுதுங்க. அந்தத் தொகையைக் கையில இருக்கற பணத்துல கழிச்சுட்டு, அடுத்த வாரம் ஷோரூம் போங்க. சேல்ஸ்மேன் எந்த வண்டியைக் காட்டினாலும் உங்க எல்லை என்னன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும்.

உங்க டேக் ஹோம், ஒப்பந்த காலம், மனசுல இருக்கற வண்டி மூணையும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதுல சிலதுக்கு இதே மாதிரி கணக்கு போட்டுக் காட்டறேன்.